பழமொழிக்கு மின் இணைப்பு

செவிடன் காதில் சங்கு ஊதுவது வீண் வேலை என்று முன்னோர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களிடம் மின்சாரம் இல்லை. எங்கள் நிலையத்தில் இருந்தது. ஆகவே ஊதிப் பார்த்தோம்.

நான் அங்கே வாசல் காவலாளி. எனக்கு ஒரு கால் கிடையாது. நிறுத்திய இடத்தை விட்டு ஓடமாட்டான் என்று தேர்வுக் குழு ஒருமனதாக முடிவு செய்து என்னைக் காவலுக்குப் போட்டது. திருடன் வந்தால் துரத்த முடியாதே என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். "துரத்தினால் அவன் விழுந்து அடிபட்டுக்கொள்ள மாட்டானா?" என்று இயக்குநர் திருப்பிக் கேட்டாராம். பாதுகாப்பில் அவ்வளவு அக்கறையுள்ள இடம்.

நிலையம் என்றால் சலவை நிலையம். மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக அழுக்கோடு வரும். வெளுத்து, தேய்த்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். துவைப்பவர், பிழிபவர், மடிப்பவர் எல்லோருக்கும் கண், காது, கை, கால் ஏதாவது ஒன்றில் குறை இருக்கும். மாடியில் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். மாடிக்கு லிஃப்ட் கிடையாது என்பதால் இந்த ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. எங்களைக் குருடு, செவிடு, நொண்டி என்று யாரும் சொல்லக் கூடாது. 'மலர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் வாசல் மலர்.

கூடத்தின் நடுவில் உருளை இருந்தது. ஆள் உயர இயந்திரம். கொதிக்கும் இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று உரசிச் சுற்றும். ஈர விரிப்பின் ஓரத்தை இந்தப் பக்கம் கொடுத்தால் உறிஞ்சிக்கொண்டு போய், அந்தப் பக்கம் காகிதம் போலக் காய்ந்த துணியாகத் தள்ளும். நடுவில் ஒரே நீராவி. இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் தெரியாது.

துணி கொடுக்கும் பக்கம் வாயாடி நிற்பான். வாங்கி மடிக்கும் பக்கம் அவன் பெண்டாட்டி. அவளை நான் தங்கச்சி என்பேன்.

வாயாடிக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. பிறகு என்ன வாயாடி என்றால், அவன் கைகளைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். விரல் சும்மா இருந்து யாரும் கண்டதில்லை. வண்டிக்காரனைக் கிண்டல் செய்யும், மேலாளர் நடப்பதை நடந்து காட்டும், சாப்பிடும்போதும் சோற்றை உருட்டியபடி ஊர்வம்பு பேசும். தங்கச்சிக்குக் கண் தெரியாது. ஆகவே அவளிடம் பேச வேண்டியதை அவள் உள்ளங்கையில் எழுதுவான். அவள் வாயால் சொல்வதை அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். சண்டை வந்தால் அவள் கையை மூடிக்கொள்வாள், அவன் கண்ணை மூடிக்கொள்வான். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாத குடும்பம்.

உருளையிடம் மாட்டாமல் வேலை செய்ய அவர்களுக்கு இரண்டு துணை இருந்தன. ஒன்று, உருளைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பி. விரல் தெரியாத்தனமாக அதில் பட்டால் உருளை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்னொன்று, ஒரு கயிறு. துணி உள்ளே சுருட்டிக்கொள்ளப் போகிறது என்றால் உருளை முதலில் கரகரவென்று தொண்டையைச் செருமும். பிறகு வெடுக்கென்று இழுக்கும். செருமலை வாயாடியால் கேட்க முடியாது. தங்கச்சி கேட்பாள். கிழிந்த விரிப்பைத் திரித்து, அவள் இடுப்பிலிருந்து சுவர்க் கொக்கிகள் வழியாக அவன் இடுப்புக்கு ஒரு கயிறு விட்டிருந்தார்கள். ஒரு இழுப்பு இழுத்தால் கையை எடு, நிறுத்து. இரண்டு இழுத்தால் சாப்பாட்டு நேரம். மூன்று இழுத்தால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்கு அண்ணே?" என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பாதுகாப்பில் சிறந்த தொண்டு நிறுவனத்துக்கு விருது என்று எங்கிருந்தோ ஓர் அறிவிப்பு வந்தது. அதற்கு முன் எங்களுக்கு ஆபத்து குறைவு. அறிவிப்பு வந்த மறுவாரம் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தார்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்டபடி வந்தார். மின்விசிறிக்குக் கீழே சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. தொப்பி என்று வாயாடி அன்றைக்கே பெயர் வைத்துவிட்டான்; நெற்றிக்கு மேல் ஒரு தட்டு, அவ்வளவுதான் பெயர். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் கூடமே நெற்றியைத் தட்டிக்கொண்டது. தனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

தொப்பி முதலில் தடுப்புக் கம்பியைக் கழற்றிப் பளபளவென்று மஞ்சள் வண்ணம் அடித்தார். காயட்டும் என்று வரவேற்பறையில் சாத்தி வைத்தார். இயக்குநர் வந்தார், பார்த்தார், சொக்கிப்போனார். மறுநாள் அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. கீழே பலகை: 'பாதுகாப்பே எங்கள் மூச்சு.' பெட்டிச் சாவியை இயக்குநர் தன் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டார். கம்பி இல்லாவிட்டால் உருளை ஓடாது. அதனால் கம்பி இருந்த இடத்தில் ஒரு தக்கையைச் செருகி, கம்பி இருப்பதாக உருளையை நம்ப வைத்தார்கள். மனிதர்களை நம்ப வைப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அடுத்தது தீ ஒத்திகை. தொப்பி விசில் ஊதியதும் எல்லோரும் வெளியேற வேண்டும். காது கேட்காதவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். பதற்றப்படாதவர்கள் என்று அவர்களுக்குப் பாராட்டு. சக்கர நாற்காலிக்காரர்கள் வாசற்படியருகே நின்று, எப்படி இறங்குவது என்று கேட்டார்கள். "ஒத்திகைதானே? மனத்தளவில் இறங்குங்கள்" என்றார் தொப்பி. நானும் மனத்தளவில் இரண்டு காலாலும் ஓடினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல ஓட்டம்.

பிறகு அவர் கண் கயிற்றில் விழுந்தது.

"என்ன கயிறும்மா இது?"

"எங்க பேச்சுங்க சார்."

"யாராவது தடுக்கி விழுந்தா?"

"தரையில இல்லீங்களே. மேல கொக்கியிலதானே போகுது."

"அப்ப தலை மாட்டிக்கிட்டா?"

தங்கச்சி யோசித்தாள். அந்த உயரத்தில் தலை உள்ளவர் யாரும் நிலையத்தில் இல்லை. அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார். கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"ஐயையோ! எவனாவது போட்டோ எடுத்துட்டா? மலர்களை இடுப்புல கட்டிப் போட்டு வேலை வாங்கறோம்னு எழுதிடுவானே! இது விடுதலைக்கே விரோதம்!"

உடனே கத்தரிக்கோல் வந்தது. இயக்குநர் சிரித்துக்கொண்டே கயிற்றை வெட்டினார். முதல் வெட்டு படத்தில் சரியாக விழவில்லை என்று, அறுந்ததை முடிச்சுப் போட்டு இன்னொரு முறை வெட்டினார். வாயாடியையும் தங்கச்சியையும் கைதட்டச் சொன்னார்கள். வாயாடி தட்டவில்லை. அவன் கைகள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. அதை நான் எழுதினால் இந்தக் கதையை யாரும் அச்சடிக்க மாட்டார்கள்.

கயிற்றை எடுத்தவர்கள் கைவிட்டுவிடவில்லை. விலை உயர்ந்த இரண்டு கருவிகள் வந்தன. உருளை திணறினால் ஒரு சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று எரியும்; ஒரு சங்கு அலறும். மாட்ட வந்த எலக்ட்ரீசியன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வாயாடி பக்கம் போனார்.

"எங்க போறீங்க? விளக்கு அந்தம்மாவுக்கு, சங்கு இவருக்கு" என்றார் தொப்பி.

"சார், அந்தம்மாவுக்குக் கண்ணு..."

"வாசல்ல என்ன எழுதியிருக்கு, படிச்சீங்களா?"

வாசலில், என் தலைக்கு மேலே, பித்தளை எழுத்தில் நிறுவனரின் வாக்கு இருக்கிறது: 'இருளுக்கு ஒளி, மௌனத்துக்குக் குரல்.'

"இருள் யாரு? அந்தம்மா. அவங்களுக்கு ஒளி. மௌனம் யாரு? இவரு. இவருக்குக் குரல். இதுல என்னய்யா குழப்பம்?"

"விளக்கு எரியறது அவங்களுக்குத் தெரியாதுங்களே சார்."

"விருதுக் குழுவுக்குத் தெரியும்."

எலக்ட்ரீசியன் என்னைப் பார்த்தார். நான் பித்தளை எழுத்தைப் பார்த்தேன். பழமொழிக்கு மின் இணைப்பு கொடுத்த முதல் நிறுவனம் என்ற பெருமை அன்று எங்களுக்குக் கிடைத்தது.

தங்கச்சி விடவில்லை. உருளை செருமும்போதெல்லாம் தரையை ஓங்கி மிதித்தாள். அதிர்வு வாயாடியின் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கையை எடுத்தான். நன்றாகத்தான் நடந்தது. மலர்களின் பாதங்கள் நோகின்றன என்று கண்டுபிடித்த தொப்பி, கூடம் முழுக்கத் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டார். அதன் மேல் யானை குதித்தாலும் பக்கத்து யானைக்குத் தெரியாது. பிறகு தலையணை உறையைப் பந்தாகச் சுருட்டி உருளைக்கு மேலாக வீச ஆரம்பித்தாள். அது அவன் தலையில் விழும், கையை எடுப்பான். கூடத்தில் பொருட்கள் பறக்கின்றன என்று தொப்பி அறிக்கை எழுதினார். தலையைக் காக்க வாயாடிக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் அவள் இயக்குநரைப் பார்க்க மாடி ஏறினாள். நான் படியடியில் நின்றேன். மாடிக் கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"ஐயா, ஒரு திருப்புளி இருந்தா போதும். விளக்கை அவர் பக்கம், சங்கை என் பக்கம் மாத்திடுங்க."

"அம்மா, நீங்க விளக்கை மாத்தச் சொல்லல. நிறுவனர் வாக்கை மாத்தச் சொல்றீங்க. கண்ணில்லாத ஒரு பொண்ணுக்கு ஒளி வேண்டாம்னு நான் எப்படிச் சொல்வேன்? என் நாக்கு கூசாதா?"

"அப்ப கயிறையாவது திருப்பிக் குடுங்க ஐயா."

"உங்களுக்கு விடுதலை கொடுத்தாச்சு. கொடுத்ததை வாங்கற பழக்கம் நமக்கு இல்ல."

"அந்தக் கம்பி?"

"அது விருதுக்குப் போட்டி போடுது."

பிறகு அவள் குரல் வந்தது. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். எல்லாருக்கும் கை வேற, நாக்கு வேற. அவருக்கு ரெண்டும் ஒண்ணு. அந்த விரல் போச்சுன்னா அவரு என்கிட்ட எப்படிப் பேசுவாரு? முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கறதுக்கு எனக்குக் கண்ணும் இல்லையே ஐயா. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ரெண்டு கல்லு மாதிரி உக்காந்திருக்கணுமா?"

இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். உண்மையாகவே அழுதார் என்று நினைக்கிறேன், ஈர நெஞ்சுக்காரர்.

"எவ்வளவு அழகாச் சொல்றாங்க!" என்றார். "தொ... அதிகாரி சார், இதை அப்படியே எழுதிக்கோங்க. விழா மேடையில இந்த அம்மாவைப் பேச வைங்க."

கீழே இறங்கி வந்தவளிடம், பேசாமல் வேறு இடம் பாருங்களேன் என்றேன்.

"எங்க அண்ணே போறது? கேட்டுப் பாத்தாச்சு. ஒரு இடத்துல அவரை மட்டும் எடுத்துக்கறாங்களாம். இன்னொரு இடத்துல, ரெண்டு பேரும் வீட்லயே இருங்கன்னு புத்தி சொல்றாங்க." கையை விரித்துத் தன் உள்ளங்கையைத் தானே தடவிக்கொண்டாள். "பாத்துக்கலாம் அண்ணே."

பார்த்துக்கொண்டது அவ்வளவுதான். ஒரு காலை வேளை. விடுதி விரிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. உருளை செருமியது. தங்கச்சி மிதித்தாள், ரப்பர் அதை விழுங்கிக்கொண்டது. தலையணை உறையை வீசினாள், குறி தப்பவில்லை, நேராக ஹெல்மெட்டின் மேல் விழுந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அவள் கத்தினாள். தெரு முனை வரை கேட்டது. ஒருவனைத் தவிர எல்லோரும் திரும்பினார்கள். அவள் முகத்துக்கு எதிரே விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. அவன் காதுக்குப் பக்கத்தில் சங்கு அலறியது. அவன் விரிப்பின் ஓரத்தை ஒழுங்காக நீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சூட்டில் உள்ளங்கை தேய, இயந்திரத்தைத் தடவித் தடவிச் சுற்றி ஓடி, நிறுத்தும் பொத்தானை அழுத்தியது தங்கச்சிதான். அதற்குள் உருளை வெடுக்கென்று இழுத்துவிட்டது. அப்போது வாயாடி அலறினான். அவனுக்குக் குரல் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நிறுவனர் சொன்னபடியே மௌனத்துக்குக் குரல் கிடைத்துவிட்டது.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

விசாரணை முறைப்படி நடந்தது. சங்கு ஒலித்ததா? ஒலித்தது. விளக்கு எரிந்ததா? எரிந்தது. இரண்டு கருவியும் குறைவின்றி இயங்கிய இடத்தில் விபத்து நடக்க வழியில்லை, ஆகவே நடக்கவில்லை. நடந்தது கருவிகளின் வெற்றிகரமான முதல் சோதனை. வாயாடியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவன் வலது கை கட்டுக்குள் பொதியாகக் கிடந்தது. இடது கையைத் தூக்கினான். அது பாதியில் தயங்கி நின்றது. 'ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். கண் தெரியாத தங்கச்சியைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை; அவள் எதையும் பார்க்கவில்லையே.

இன்னொரு நல்லதும் நடந்தது. வாயாடி இப்போது இரண்டு வகையில் குறைபட்டவன் ஆகிவிட்டதால், அவன் பேரில் நிலையத்துக்கு வரும் உதவித்தொகை கூடியது. இயக்குநர் அவனுக்கு 'இரட்டை மலர்' என்று பட்டம் சூட்டி, முதுகில் தட்டிக்கொடுத்தார். துணி எண்ணும் மூலையில் ஒரு முக்காலியும் போட்டுக்கொடுத்தார்கள். உருளைக்கு முன்னால் அவன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கல்யாணம் நிச்சயமானவள், சிரித்த முகம், விரல் நிறையப் பேச்சு. அவளுக்கும் காது கேட்காது.

"அந்தப் பொண்ணு எப்படி அண்ணே இருக்கும்?" என்று தங்கச்சி என்னிடம் கேட்டாள்.

"வாயாடிம்மா" என்றேன்.



விருது எங்களுக்கே கிடைத்தது. முற்றத்தில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி. சக்கர நாற்காலிகளை ஒலிபெருக்கி மறைக்கும் இடத்தில் வரிசையாக விட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தார். இயக்குநர் பேசினார்.

"பாதுகாப்பு என்பது கருவியில் இல்லை, மனத்தில் இருக்கிறது! எங்கள் மலர்களுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான், கீறல் விழுந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்!"

பலத்த கைதட்டல். பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். இயக்குநர் கழுத்துச் சாவியால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் கம்பியை வெளியே எடுத்தார். விருந்தினர் அதை ஒரு மலருக்கு வழங்குவது போலப் படம். மேடையில் தங்கச்சிதான் இருந்தாள், பேசுவதற்காக. அவள் கையில் கம்பியைக் கொடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். படம் எடுத்தாயிற்று.

"அம்மா, இப்ப ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஒலிபெருக்கியை நீட்டினார் தொப்பி.

தங்கச்சி கம்பியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "குடுத்ததை வாங்கற பழக்கம் உங்களுக்கு இல்லைன்னு ஐயா சொல்லியிருக்காரு. ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அடக்கமான பேச்சு என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, மேடைப் படியைக் காலால் தேடி இறங்கினாள். கூடத்து வாசலில் நின்ற நான் வழி விட்டேன். காவலாளி வேறென்ன செய்வான்? சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். வாயாடி முக்காலியிலிருந்து எழுந்து பின்னாலேயே போனான். வெளியே சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். அவன் இடது கையால் தக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முனைகளைக் குழியில் உட்கார வைத்தான். உருளைக்கு முன்னால் நின்ற புதுப் பெண் அதை ஓட விட்டு, விரலால் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். உருளை நின்றது. மறுபடி ஓட விட்டாள், மறுபடி தொட்டாள், நின்றது. விளையாட்டுப் போல அதையே செய்துகொண்டிருந்தாள். தங்கச்சி உருளையின் சத்தம் அடங்குவதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டி இன்றைக்கும் வரவேற்பறையில் இருக்கிறது, காலியாக, பலகையோடு. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நிற்கிறார்கள், இயக்குநர் விளக்குகிறார், அவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒரே ஒருவர், "உள்ள ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"எங்கள் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியாது" என்றார் இயக்குநர். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டு போனார்.

விழா நடந்த அன்று சாயங்காலம் வாயாடியும் தங்கச்சியும் வாசலுக்கு வந்தார்கள். பித்தளை எழுத்துக்குக் கீழே நின்று, வாயாடி அவள் கையை விரித்து, இடது விரலால் எழுத ஆரம்பித்தான். ஒரு கோடு போட்டான். நிறுத்தினான். அழிப்பது போலத் தடவினான். மறுபடி போட்டான்.

"என்னம்மா சொல்றான்?" என்றேன்.

"இருங்க அண்ணே, இன்னும் முடிக்கல" என்றாள், கையை ஆட்டாமல், அசையாமல். "இப்ப அவருக்குப் பேச்சு திக்குது."

கதவைப் பூட்டும் நேரம் தாண்டிவிட்டது. உள்ளேயிருந்து தொப்பி கத்தினார். எனக்குக் காது கேட்கவில்லை.